எண்ணப்படாத வாக்கு

தென் லண்டனில் ஒரு மருத்துவமனையின் கோப்பறை. நோயாளர்களின் கோப்புகள் அடுக்கிய இறாக்கைகளுக்கு நடுவே, செய்தித்தாளைப் பிடித்தபடி எங்கள் மேற்பார்வையாளர் நின்ற கோலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. 1997ஆம் ஆண்டுக் கோடைகாலம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, "உன் அண்ணன் கிளாஸ்கோவில்தானே இருக்கிறார்?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அப்படியென்றால் அவருக்கு வாக்கு இருக்கிறது. எனக்கு இல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் செய்தித்தாளை மடித்த விதத்தில் சிரிப்பு இருக்கவில்லை.

அவர் ஸ்கொட்லாந்தில் டண்டீ நகரத்துப் பெண்மணி. நான் அகதியாக வந்து, கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறையில் குடியிருந்துகொண்டு அந்தக் கோப்பறையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருடைய ஆங்கிலத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முதல் மாதம் முழுக்க எல்லாவற்றுக்கும் 'யெஸ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து என்னோடு மட்டும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஸ்கொட்லாந்தையும் சேர்த்து நாடு முழுவதையும் யாராவது 'இங்கிலாந்து' என்று சொல்லிவிட்டால் மட்டும் வேகம் திரும்பிவிடும். எண்பத்தேழிலும் தொண்ணூற்றிரண்டிலும் தேர்தல் வந்துபோனபோது, "எங்கள் ஊர் ஒரு பக்கம் வாக்களிக்கிறது, ஆட்சி மற்றப் பக்கத்திலிருந்து வருகிறது" என்று புறுபுறுத்தபடி கோப்புகளை அடுக்குவார். அந்தச் செப்டம்பரில் ஸ்கொட்லாந்து மக்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படவிருந்தன: எடின்பரோவில் தங்களுக்கென்று ஒரு நாடாளுமன்றம் வேண்டுமா, வரியைக் கொஞ்சம் கூட்டவும் குறைக்கவும் அதற்கு அதிகாரம் வேண்டுமா. தனிநாடு அல்ல, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் போன்ற காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வது. ஆனால் அங்கே வசிப்பவர்களுக்கு மட்டுமே வாக்கு. டண்டீயில் பிறந்து லண்டனில் இருந்தவருக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கிளாஸ்கோவில் இருந்த என் அண்ணைக்கு, கொமன்வெல்த் நாடான இலங்கையின் குடிமகன் என்ற வகையில், இருந்தது.

ஓகஸ்டில் விம்பிள்டன் கோயில் திருவிழாவுக்கு அண்ணை வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மேற்பார்வையாளரையும் அழைத்தேன். கிளாஸ்கோவில் பத்து வருடம் இருந்த அண்ணை, 'யெஸ்' என்பதற்கு அந்த ஊர்க்காரரைப் போலவே 'ஐ' என்றார். அதைக் கேட்டு மேற்பார்வையாளர் கைதட்டிச் சிரித்தார். அதோடு நிற்கவில்லை. வாக்குப் போடுவீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டார்.

அண்ணை என் பக்கம் திரும்பி, "எங்களுக்கு ஏன் பிள்ளை உந்த வேலை? நான் இனிப் போடமாட்டன் எண்டு அவவுக்குச் சொல்லு" என்றார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர், என்னைக் கொண்டு சொல்விக்கப் பார்த்தார்.

"ஏன் அண்ணை?"

"ஒருக்காப் போட்டனான். அந்தப் பெட்டி எண்ணுற இடத்துக்கு வந்து சேரேல்லை."

1981இல் யாழ்ப்பாணத்தில் நடந்த மாவட்டச் சபைத் தேர்தலைச் சொன்னார். அதுவும் அதிகாரத்தைப் பிரித்துத் தருவதாகச் சொல்லி வந்த சபைதான். அண்ணையின் முதல் வாக்கு அது. வெள்ளைச் சட்டை தோய்த்துப் போட்டு வரிசையில் நின்றாராம். சில பெட்டிகள் காணாமற்போன செய்தி எனக்கும் தெரியும். அதில் ஒன்றில் அண்ணையின் வாக்கும் கிடந்தது என்பது பதினாறு வருடம் கழித்து அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை நான் மேற்பார்வையாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். 1979இல் இதே கேள்வியை ஒருமுறை கேட்டிருந்தார்கள். லண்டனுக்குக் குடிபெயரச் சாமான் கட்டும் அவசரத்தில், தன் ஒரு வாக்கில் என்ன வந்துவிடப்போகிறது என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். 'ஆம்' என்றவர்களே அதிகம். ஆனால் மொத்த வாக்காளர்களில் நூற்றுக்கு நாற்பது பேராவது 'ஆம்' என்றால்தான் செல்லும் என்று முன்கூட்டியே விதி போட்டிருந்தார்கள். அந்த நாற்பது சேரவில்லை. வீட்டில் இருந்தவர்களும் எதிர்த்தவர்களைப் போலவே ஆனார்கள்.

"நீங்கள் போட்ட வாக்கை எண்ணவில்லை. நான் போடாத வாக்கை எண்ணிவிட்டார்கள்" என்றார் அண்ணையிடம்.

அண்ணை பாயாசக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் விடைபெற்று வாசலுக்குப் போனபோதுதான் அண்ணை, "பெட்டியை ஆர் கொண்டு போறது? கேட்டுப் பார் பிள்ளை" என்றார். தனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார் அவர். சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை மதிய இடைவேளையில் கிளாஸ்கோ கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்து, ஒவ்வொருவராக மாற்றி மாற்றிப் பேசி, பெட்டிக்கு யார் முத்திரை இடுகிறார்கள், எந்த வண்டியில் ஏற்றுகிறார்கள், எங்கே இறக்குகிறார்கள் என்று எல்லாம் கேட்டு, இரண்டு பக்கத்தில் அண்ணைக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

வாக்கெடுப்புக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் நான் வேலைக்குப் போனபோது கோப்பறையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. இரண்டு கேள்விக்கும் 'ஆம்'. மேற்பார்வையாளர் கையில் நோயாளர் கோப்பு ஒன்றோடு, அதை எந்தத் தட்டில் செருகுவது என்று தெரியாதவரைப் போல நின்றார். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. அண்ணை. நலம்கூட விசாரிக்கவில்லை.

"பெட்டியெல்லாம் வந்து சேர்ந்திட்டுது எண்டு அவவுக்குச் சொல்லு. என்ரையும் சேர்ந்திருக்கும்."

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை" என்று தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையிடையே 'ஐ', 'ஐ' என்றார். வைத்தபின் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, மறுபடி கோப்புகளை அடுக்கத் தொடங்கினார்.

அடுத்த மே மாதம் லண்டனிடமும் கேட்டார்கள், ஒரு மேயரும் ஒரு சபையும் வேண்டுமா என்று. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. அதுவரை எந்த நாட்டிலும் நான் வாக்களித்ததில்லை. தாள்களில் பெயர் எழுதினால் பின்னால் யாரோ வருவார்கள் என்ற பயம் ஊரிலிருந்தே கூட வந்தது. "வேலை முடிந்ததும் போகிறோம்" என்று மட்டும் சொன்னார் மேற்பார்வையாளர். என் வாக்குச் சாவடி வரை வந்து, வாசலில் நின்றார். பென்சிலால் புள்ளடி போட்டு மடித்துப் பெட்டிக்குள் விட்டபோது, அது அடியில் விழுந்த சத்தம் கேட்கிறதா என்று கொஞ்சம் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது, "எப்படி?" என்றார். "நல்லாத்தான் இருக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அந்தக் கோடையில் அவர் ஓய்வுபெற்று டண்டீக்குத் திரும்பினார். இன்று அந்தக் கோப்பறையே இல்லை. நோயாளர் விபரங்களெல்லாம் கணினிக்குள் போய்விட்டன. அண்ணை கிளாஸ்கோவில் ஒரு தேர்தலையும் விடுவதில்லை. கவுன்சில் தேர்தல் என்றாலும் போய்விட்டு வந்து எனக்குச் சொல்வார்.

1999 மே மாதம், புதிய நாடாளுமன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்த அன்று, நான் வேலைக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் டண்டீயிலிருந்து அழைப்பு வந்தது. கதவு திறக்கமுன்னமே அவர் சாவடி வாசலில் போய் நின்றிருக்கிறார். திறந்த அலுவலர், "இவ்வளவு வெள்ளென வந்துவிட்டீர்களே அம்மா" என்று கேட்டாராம்.

"வெள்ளெனவா?" என்றிருக்கிறார் இவர். "இருபது வருடம் பிந்தி வந்திருக்கிறேன்."