தோமையாரின் புருவம்

பிள்ளைகளே, மூவார் டவுனில் ரொட்டி சானாய் கடையில் வழுக்கைத் தலையர் ஒருவர் நம் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? நகக்கண்ணெல்லாம் பெயின்ட். சிந்திய தேநீரை விரலால் தொட்டு, மேசையில் ஏதோ கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். பிள்ளை பிடிப்பவனோ என்று எனக்குப் பகீரென்றது. எழுந்து போய்க் கேட்டேன்.

“என்னாண்ணே, எம்மவ மேல அப்படி என்னா பார்வ?”

“கோவிச்சிக்காதீங்க தம்பி. இங்க சர்ச்சு சுவத்துல தோமையார வரையிறேன். இயேசு உயிர்த்து வந்தத தொட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னாரே, அவருதான். அந்தச் சந்தேக மூஞ்சிய, கேட்டா யாரும் தரமாட்டாங்க லா. புள்ளைய உத்துப் பாத்தா அப்பன் தானா தந்துருவான்.”

“நல்லா விடுறீங்க கத!”

“ஆ, அப்படியே இருங்க! அந்த எடது புருவத்த எறக்காதீங்க!”

நான் நம்பவில்லை. உங்களைக் காரில் ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டேன். கையும் களவுமாக மாட்டியவர் சொன்ன சாக்கு என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் வேலை முடிந்து தனியாக அந்த சர்ச்சுக்குப் போனேன். சுவரில் தோமையார் நின்றார். இடது புருவம் தூக்கியிருந்தது, என்னுடையதைப் போலவே. அப்போதும் மனம் ஒப்பவில்லை. யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கிட்டே போய், அந்தப் புருவத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.