காதுகுத்து நாளில் ஒரு பஞ்சர்

என் மனைவியின் அண்ணனை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். நான் மலாக்கா டவுனில் ஒரு மருந்துக்கடையில் மருந்து கலக்கிக் கொடுக்கிறவன். காஜா பேராங்கில் வாடகை வீடு. என் கை எப்போதும் சோப்பு வாசம் அடிக்கும். அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

பகை கல்யாண மணவறையிலேயே தொடங்கிவிட்டது. பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டும். அவர் காலை வெட்டை முடித்துவிட்டு லாரி பிடித்து ஓடி வந்திருந்தார். மாலையைத் தூக்கிய கை என் மூக்குக்கு நேரே வந்தது. மரத்தில் வெட்டிய கோட்டில் பால் வழிந்து, காய்ந்து, நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஒட்டுப்பால். அதை உரித்தெடுக்கிற கையில் ஒரு புளித்த நாற்றம் ஏறிவிடும், இலேசில் போகாது. சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி, "கையில ஒட்டுப்பால் நாத்தம் அடிக்குது மச்சான், கழுவிட்டு வாங்க" என்றேன். என் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மாலையைத் தட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பெண்ணின் சித்தப்பா மகன் ஒருவன் எடுத்துப் போட்டான். அதற்குப் பிறகு அவர் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

பிறகு மகள் பிறந்தாள். எங்களில் ஒற்றைப்படை மாதத்தில்தான் காது குத்துவார்கள், அதுவும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து. ஏழாம் மாதம் ஆள் விட்டு அழைத்தோம், அவர் வரவில்லை. ஒன்பதாம் மாதமும் வரவில்லை. பதினோராம் மாதம் பிறந்ததும் என் மனைவி என் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கண்ணன் மடியிலதான் குத்தணும். வேற யாரு மடியிலயாவது வச்சீங்க, நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு தோட்டத்துக்கே போயிடுவேன். ஆள் விடாதீங்க, நீங்களே போங்க. இந்தத் தடவையும் அவரு வரலன்னா எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு ஆயிடும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"டாக்சி எடுத்துட்டுப் போங்க" என்றும் சொன்னாள். நான் கேட்கவில்லை. அப்போது என்னிடம் எஞ்சின் பூட்டிய சைக்கிள் ஒன்று இருந்தது. பார்வைக்குச் சாதாரண சைக்கிள்தான். பின்சக்கரத்தோடு சேர்த்து முறுக்கிய சின்ன எஞ்சின். காஜா பேராங்கில் வேறு யாரிடமும் அது கிடையாது. சுதந்திரம் வந்த புதிதில் ஹேண்டில்பாரில் காகிதக் கொடி ஒன்று கட்டியிருந்தேன். கொடி மழையில் கரைந்துபோய்க் குச்சி மட்டும் மிச்சம். அந்த வண்டியில் அவரை ஏற்றி வந்து, டவுன்காரன் யார் என்று காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அழைக்கப் போகிறவனுக்கு இருக்கக்கூடாத எண்ணம்தான்.

அன்று புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். ஒன்பதரைக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு அவருடைய லயத்து வீட்டு வாசலில் நின்றேன். தங்கை முன்கூட்டியே தகவல் சொல்லியிருப்பாள் போல, அவர் வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, கையில் குடை என்று தயாராக இருந்தார். தட்டை வாங்கி உள்ளே வைத்தார். வண்டியைப் பார்த்தார்.

"தாய்மாமன இதுலதான் ஏத்திக்கிட்டுப் போகப் போறீங்களா, மாப்பிள்ள?"

"டவுன்ல இதுக்கு என்ன மதிப்புன்னு உங்களுக்குத் தெரியாது மச்சான். ஏறுங்க."

பின்னால் சாக்கு மடித்துப் போட்ட கேரியரில் உட்கார்ந்தார். என் இடுப்பைப் பிடிக்கவில்லை. கேரியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூன்று மைல் வரை எஞ்சின் மட்டும் படபடவென்று பேசிக்கொண்டு வந்தது.

இரண்டு பக்கமும் பால்மரங்கள் நின்ற ஓரிடத்தில் வண்டி பின்னால் நெளிந்தது. இறங்கிப் பார்த்தேன். பின்டயர் சப்பையாகக் கிடந்தது. அவர் குடையை விரித்துத் தன் தலைக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, "இதுதான் அந்த மதிப்பா?" என்றார்.

முன்சக்கரமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றியிருப்பேன். பின்சக்கரத்தில் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அதன் போல்ட்டுகளுக்கு ஏற்ற ஸ்பேனர் என்னிடம் இல்லை. இருந்தாலும் சக்கரத்தைத் திரும்ப மாட்டுவதற்குள் ராகுகாலம் முடிந்தே போயிருக்கும். சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்ட வேண்டும். டயரை ஒரு பக்கமாக மட்டும் நெம்பி, ட்யூபை ஒரு சாண் ஒரு சாணாக வெளியே இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் சூட்டில் விரல் பொத்துப்போனது. செம்மண் என் வெள்ளை வேட்டியில் அப்பிக்கொண்டது. இழுத்து இழுத்துப் பம்ப் அடித்தும் ஓட்டை தெரியவில்லை. ஏதோ ஒரு மூலையில் காற்றுச் சீறுவது மட்டும் கேட்டது.

"மரத்துல மங்கு தொங்குது பாருங்க. ராத்திரி மழத் தண்ணி நிக்கும். அதுல முக்குங்க" என்றார். மங்கு என்றால் பால் வடியக் கட்டுகிற கிண்ணம். ஒன்றை எடுத்து வந்தேன். அடியில் பழைய பால் உறைந்து அழுகிக்கிடந்தது. அந்தத் தண்ணீரில் ட்யூபை அமுக்கியதும் குமிழி வந்தது. செருப்பு ஆணி ஒன்று குத்தியிருந்தது.

ஆணியைப் பிடுங்கினேன், துடைத்தேன், உப்புத்தாளால் தேய்த்தேன், பழைய ட்யூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டினேன். ஒட்டுகிற பசை எடுக்கப்போனால் அது உறைந்து கல்லாகிப்போயிருந்தது. மூடியைச் சரியாக முறுக்கி வைக்காதவன் நான்தான். பிதுக்கினேன், கடித்தேன், ஒரு சொட்டு வரவில்லை. மணி பத்தேமுக்கால். அந்தப் பாதையில் பேருந்து எப்போதோ ஒன்று. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

கோபம் அவர்மேல் பாய்ந்தது. "கொடைய மடக்கிட்டு ஒரு கை பிடிச்சா என்ன? உங்க தங்கச்சி புள்ளைக்குத்தான?"

அவர் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். உள்ளங்கை வெளுத்து, விரலிடுக்கெல்லாம் சிவந்து கிடந்தது. "நேத்து சாயந்தரத்துலேர்ந்து மணல் போட்டுத் தேச்சிருக்கேன். எலுமிச்ச போட்டுத் தேச்சிருக்கேன். காலையில வெட்டுக்கே போகல. புள்ள உக்காரணும். இந்தக் கையால நான் எதையும் தொடமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதால் இன்னும் கோபம் வந்தது. "அப்ப இங்கயே நிப்போமா?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க. அந்த மரத்துல ஒட்டுப்பால் இருக்கு. வெள்ளையா, மெல்லிசா இருக்கிறதா உரிச்சிட்டு வாங்க."

"எதுக்கு?"

"பசை வேணுமா வேணாமா?"

உரித்து வந்தேன். எஞ்சினுக்கு ஊற்றுகிற பெட்ரோலை டப்பா மூடியில் கொஞ்சம் விடச் சொன்னார். ஒட்டுப்பாலை அதில் ஊறவைத்துப் பிசையச் சொன்னார். "அப்படியில்ல. பெருவிரலால. இன்னும். மாவு பிசையத் தெரியாதா?" ஒவ்வொரு வார்த்தையும் குத்தல். நான் மண்ணில் மண்டியிட்டுப் பிசைந்தேன், அவர் குடைக்கடியில் நின்று கங்காணி மாதிரி மேற்பார்த்தார். வேண்டுமென்றேதான் என்னைப் பிசைய வைக்கிறார் என்று தெரிந்தது. தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு பிசைந்தேன். கால்மணி நேரத்தில் அது இளகி, விரலை விட மறுக்கிற பசையானது. தடவி, காயவிட்டு, துண்டை வைத்து, அவர் போதும் என்கிற வரைக்கும் அழுத்திப் பிடித்தேன். டயரை ஏற்றிக் காற்றடித்தேன். நின்றது.

வழியில் இரண்டு தடவை இறங்கிக் காற்றடிக்க வேண்டியிருந்தது. பதினொன்று ஐம்பதுக்கு வீட்டு வாசலில் நிறுத்தினேன். அண்ணனைப் பார்த்ததும் என் மனைவியின் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. தலைமுறைகளாக மலாய் பேசுகிற மலாக்காச் செட்டி வம்சத்துப் பக்கத்து வீட்டு அம்மாள் மலாயில் ஏதோ சொல்லிக் கைதட்டினாள். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். மச்சான் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடியைச் சரிசெய்தார்.

பிள்ளையைத் தூக்கி மாமன் மடியில் வைப்பது தகப்பன் வேலை. நான் கையை நீட்டினேன்.

"மாப்பிள்ள" என்றார் அவர், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "கையில ஒட்டுப்பால் நாத்தம் அடிக்குது. கழுவிட்டு வாங்க."

யாரோ சிரித்தார்கள். என் கூட்டாளிகளில் ஒருவனாகத்தான் இருக்கும். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையைத் தானே தூக்கினாள்.

கொல்லைக் குழாயடியில் நின்று கழுவினேன். சோப்புப் போட்டேன், சாம்பல் போட்டேன், செங்கல் துண்டால் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்தேன். போகவில்லை. உள்ளே யாரோ மணி ஆகிறது என்றார்கள். பிறகு என் மகள் வீரிட்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை வீரிட்டாள். இரண்டு காதும் முடிந்தது. ஈரக்கையோடு நான் உள்ளே போனபோது அவர் தன் வெளுத்த கையால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அந்த விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் சாப்பிட்டார். தங்கை பரிமாறினால் வாங்கினார், நான் போனால் இலையைக் கையால் மறைத்தார். போகும்போது டாக்சியில் போனார்.

அவர் போன பிறகு என் மனைவியிடம் குதித்தேன். சபையில் என் மானத்தை வாங்கிவிட்டார், பெற்ற பிள்ளைக்குக் காது குத்துவதைப் பார்க்கக்கூட விடவில்லை, இதற்கா வேகாத வெயிலில் மண்ணில் மண்டியிட்டேன் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் பிள்ளையின் காதுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு எங்கண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போனாருன்னுதான நெனச்சிருக்கீங்க?" என்றாள். "போகல. நீங்க சொன்னீங்கன்னு கொல்லையில கை கழுவிக்கிட்டு இருந்தாரு. நாத்தம் போகட்டும்னு தேச்சுக்கிட்டே இருந்தாரு. உள்ள கெட்டிமேளம் கேட்டப்பவும் அங்கதான் நின்னாரு."