படத்தைத் தயாரித்தவர்

ஆய்வகத்தில் அவளுக்கு டாலரம்மா என்று பட்டப்பெயர். நோட்புக் என்று ஒரு கணினிப் பக்கம், நிரலும் படமும் ஒன்றாக இருக்கும்; அதில் வரைபடம் போட்டு அதன்மேல் சமன்பாடு எழுத வேண்டுமானால், இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே அடிக்க வேண்டும். அப்போதுதான் அடுக்கு எண் மேலே ஏறும், கிரேக்க எழுத்து ஒழுங்காக வரும். பதினோரு வருடமாக அதைத்தான் அடித்தாள். அடித்த டாலரெல்லாம் காசாகியிருந்தால் இந்தக் கட்டடத்தையே வாங்கியிருப்பாள் என்று கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

வேலையில் கெட்டிக்காரி. எண்ணைக் கையால் எழுதவே மாட்டாள். கணக்கிலிருந்து எண் நேராகப் போய்ச் சமன்பாட்டில் உட்காரும்படி செய்துவைப்பாள். தரவு மாறினால் கோடும் மாறும், கூடவே எண்ணும் மாறும். இத்தனை செய்தும் எந்தக் கட்டுரையிலும் அவள் பெயர் மூலையில்கூட வந்ததில்லை. படம் போடுகிறவளுக்கு எதற்குப் பெயர் என்பது பேராசிரியரின் எண்ணம். அவரைத் தங்கமான மனிதர் என்பவர்களும் உண்டு. அவர்கள் அவரிடம் வேலை பார்த்ததில்லை.

இந்த முறை அவரே வாயைத் திறந்தார். ஒரு மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற கட்டுரை அது.

"இதுல உங்க பேரையும் போட்டுடலாம்மா."

வீட்டுக்குப் போனதும் மகளிடம்தான் முதலில் சொன்னாள். அன்று முதல் அந்தப் பெண் வாரம் தவறாமல் அம்மா பெயரைப் போனில் தேட ஆரம்பித்தது.

கட்டுரை அனுப்பும் நாளில் பேராசிரியர் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மருந்து குறையற வேகம் 0.1733ன்னு வாலு மாதிரி நீளுது? 0.17னு கையாலயே அடிச்சு விடுங்க."

"ரெண்டு தசமம் போதும்னு நிரல்லயே சொல்லிடலாம் சார், ஒரே நிமிஷம்..."

"நிமிஷமெல்லாம் இல்ல. இப்பவே போகணும்."

வேறு சமயமாக இருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள். பெயர் வரப்போகிறதே என்று வாயை மூடிக்கொண்டு அடித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, இன்னும் சில நோயாளிகளைச் சேர்க்கச் சொல்லிக் கட்டுரை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. சேர்த்து, நோட்புக்கை மேலிருந்து கீழ்வரை மறுபடி ஓட்டினாள். கோடு நகர்ந்தது. கையால் அடித்த 0.17 இடித்த புளி மாதிரி அங்கேயே இருந்தது. அவள் கவனிக்கவில்லை. பேராசிரியரும் கவனிக்கவில்லை, கூட எழுதிய ஆறு பேரும் கவனிக்கவில்லை.

கட்டுரை வெளிவந்தது. அவள் பெயர் இல்லை.

"ஏற்கெனவே ஏழு பேராயிடுச்சும்மா. அடுத்ததுல பாத்துக்கலாம்."

அந்த வாரமே எங்கிருந்தோ ஒரு வாசகர் கடிதம் எழுதினார். சமன்பாட்டின்படி நாலு மணி நேரத்தில் பாதியாகிற மருந்து, கோட்டின்படி ஆறு மணி நேரம் இழுக்கிறதே, எது சரி?

"என்னம்மா, இப்படிக் கவுத்துட்டீங்க?"

"நீங்கதானே சார் கையால அடிக்கச் சொன்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்வேன். உங்களுக்கு எங்க போச்சு புத்தி?"

அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. தன் மேலும் கோபம் வந்தது, ஏனென்றால் அந்த எண்ணை அடித்த விரல் அவளுடையதுதான்.

ஒரு மாதம் கழித்து, மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் ஓடி வந்தது.

"அம்மா, வந்துடுச்சு! உன் பேரு வந்துடுச்சு!"

போனை வாங்கிப் பார்த்தாள். பத்திரிகையின் திருத்தக் குறிப்பு. படத்தின் சமன்பாட்டில் உள்ள தவறு படத்தைத் தயாரித்த இன்னாரால் நேர்ந்தது, ஆசிரியர்கள் வருந்துகிறார்கள் என்று இரண்டே வரி. முதலெழுத்தோடு அவள் முழுப்பெயரும் சுத்தமாக அச்சாகியிருந்தது.

மகள் பெயரைத் தாண்டி ஒரு வார்த்தையும் படித்திருக்கவில்லை.

"அப்பாவுக்கும் மாமாவுக்கும் அனுப்பிட்டேன்மா. என் டீச்சருக்கும்."