மறுபடியும் கேட்பார்கள் என்று இருந்த வெர்லின்

என் தங்கை மார்லிஸின் புருஷன் வெர்லின் டோஸ்ட்ருட் எங்கள் ஊர் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவன். லாரி மேடையில் ஏறும். இவன் எண்ணைப் பார்ப்பான், சீட்டு எழுதுவான். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஊரில் யாரும் அவனைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லதாகவும் சொன்னதில்லை. அவனைப் பற்றிய பேச்சே வராது, அவ்வளவுதான்.

எதையும் முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்ள மாட்டான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, மினசோட்டாவில் இந்தப் பக்கம் எல்லோருமே அப்படித்தான். காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை, சரி, அரைக் கோப்பை போதும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவோம். முப்பது வருஷமாகக் காப்பிக் கடை நடத்துகிறேன். முதல் தடவையே 'குடு' என்றவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். ஆனால் வெர்லின் இதில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவன். கல்யாணத்துக்கே மார்லிஸ்தான் கேட்டாள், மூன்று தடவை.

பதினாறு வருஷம் குழந்தை இல்லை. சீனாவிலிருந்து தத்தெடுக்கலாம் என்றாள் மார்லிஸ். "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றான் வெர்லின். அந்த விஷயத்தில் அவன் பேசியது மொத்தமே அதுதான். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் வெறும் காகிதம். கல்யாணச் சான்று, போலீஸ் சான்று, ரத்தப் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை, அந்த முத்திரை நிஜம்தான் என்று சொல்ல இன்னொரு முத்திரை. கைரேகை எடுக்கப் போனால் இவன் விரலில் ரேகையே இல்லை, தானியம் அள்ளும் மண்வாரியும் சோளத் தூசியும் தேய்த்து எடுத்துவிட்டிருந்தன. மூன்று தடவை நூறு மைல் போய் வந்தான். வாய் திறக்கவில்லை.

2004 நவம்பரில் படம் வந்தது. பத்து மாதக் குழந்தை, பெயர் லிங்யா. மொட்டைத் தலை, ஒன்றன்மேல் ஒன்றாக நாலு சட்டை, முகத்தில் ஒரு முறைப்பு.

"நம்ம ஆர்டிஸ் மாதிரியே முறைக்குது" என்றான் வெர்லின். ஆர்டிஸ் நான்தான், மார்லிஸின் அக்கா. சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பயண ஏற்பாடு. எப்போது கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டும் என்று தத்து ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். விமானத்தில் ஆளுக்கு நாற்பத்திநாலு பவுண்டு பெட்டிதான் அனுமதி. வெர்லின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் லாரி மேடையில் வைத்தான். அந்தத் தராசு இருபது இருபது பவுண்டாகத்தான் காட்டும். ஒரு நாள் நாற்பது காட்டியது, மறுநாள் அதே பெட்டி அறுபது. மார்லிஸ் ஒரு வாரம் ஸ்வெட்டரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வெர்லின் சீன மொழி கேசட் ஒன்று வாங்கி வண்டியில் போட்டுக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போனான். கிறிஸ்துமஸுக்குள், 'அறைக்குச் சன்னல் உண்டா' என்று பிழையில்லாமல் கேட்கத் தெரிந்துவிட்டது. அதைக் குழந்தையிடம் சொல்லி என்ன செய்வான் என்று நான் கேட்கவில்லை.

இதில் ஒரு சிக்கல். குழந்தையை நாட்டுக்குள் கூட்டி வர அரசு கொடுத்த அனுமதி பிப்ரவரி கடைசியோடு காலாவதி. அதற்குள் போய்வராவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. கைரேகை உட்பட. அதுவரை அந்தக் குழந்தை அங்கேயே கிடக்க வேண்டும், அல்லது வேறு யாருக்காவது போய்விடும்.

ஜனவரி கடைசித் திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணி. வெர்லின் என் கடைக்கு வந்து உட்கார்ந்தான். எடைமேடையை விட்டு அந்த நேரத்தில் வருகிற ஆள் இல்லை. காப்பி வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டு ஊற்றினேன்.

"காலைல ஏஜென்சில இருந்து கார்லா கூப்பிட்டாங்க" என்றான்.

கார்லா நியூஜெர்சிக்காரி. இவர்களின் தத்துக் காகிதங்களைக் கவனிக்கிறவள்.

"என்னவாம்?"

"பிப்ரவரி ரெண்டாம் வாரம் ஒரு குழு சீனா போகுதாம். பத்துக் குடும்பம். ஒரு இடம் இருக்கு, வர்றீங்களான்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்களுக்காக நீங்க ஏன் சிரமப்படணும், வேற யாருக்காவது அவசரம்னா குடுங்கன்னேன்."

காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

"அவ என்ன சொன்னா?"

"எவ்வளவு நல்ல மனசு உங்களுக்குன்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க." கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மறுபடியும் கேப்பாங்கன்னு போன் பக்கத்துலயே நாலு மணி நேரம் இருந்தேன்."

"அட மடையா! நியூஜெர்சில யாருடா மறுபடியும் கேப்பாங்க? அடுத்த குழு எப்போ?"

"மார்ச் கடைசில."

"உன் அனுமதி?"

போன் பண்ணிக் கேள் என்றேன். குடுத்ததைத் திரும்பக் கேட்டால் பறிக்கிற மாதிரி இருக்காதா என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையைப் பூட்டிவிட்டு, அவன் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து என் காரில் ஏற்றினேன். பட்டப்பகலில் நான் கடையைப் பூட்டியது அந்த ஒரு நாள்தான்.

மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வெர்லின் நின்றபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஒரு வார்த்தை மறைக்கவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"ஓ, அப்படியா" என்றாள் மார்லிஸ். மாடிக்குப் போனாள். குழந்தை அறையில் அலமாரி இழுப்பறை திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். எங்கள் வீட்டில் யாரும் கத்த மாட்டோம். கத்தியிருந்தால் தேவலை.

வெர்லின் சமையலறைச் சுவரில் இருந்த போனை எடுத்தான். கார்லாவின் குரல் எனக்கும் கேட்டது. அவளுக்கு அப்படிக் குரல்.

"அந்த இடத்த ஒஹையோக்காரங்களுக்குக் குடுத்தாச்சே! நீங்கதான வேற யாருக்காவது குடுங்கன்னீங்க? சொன்னதும் அந்தப் பொண்ணு அழுதுட்டா, சந்தோஷத்துல."

"நல்லதும்மா" என்றான் வெர்லின்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அப்ப எதுக்கு இப்பக் கூப்பிட்டீங்க?"

"நீங்க மறுபடியும் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு சார் மறுபடியும் கேக்கணும்?" கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "சரி, இப்பக் கேக்கறேன். உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"எனக்கொண்ணும் ஆட்சேப..."

"வெர்லின்!" என்றேன். "வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எனக்கு அந்தக் குழந்தை வேணும்" என்றான். காது வரை சிவந்துவிட்டது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. "ரொம்ப வேணும். அந்தப் படத்த எடைமேடைச் சன்னல்ல ஒட்டி வெச்சிருக்கேன், வர்ற லாரிக்காரன் ஒவ்வொருத்தன்கிட்டயும் எம்பொண்ணுன்னு சொல்லிட்டேன். எனக்குக் குழந்தை வேணும்மா. கல்யாணம் ஆனதுல இருந்து வேணும்."

கார்லா காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"தனியாப் போனா ஒரு வழி இருக்கு" என்றாள். "வழிகாட்டி கிடையாது. மூணு விமானம் மாறணும். வியாழக்கிழமையே கெளம்பணும், அதுக்கு..."

"போறோம்."

"நான் இன்னும் முடிக்கல சார்."

"போறோம்மா."

வெர்லின் டோஸ்ட்ருட் அதுவரை அதிகபட்சம் போன தூரம் மேற்கே, பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டா. அதுவும் ஒரு சாவுக்கு. அவள் சொன்ன தேதிகளையும் விமான எண்களையும் ரசீதுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அவளையே இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்து, போனை வைத்தான்.

மாடியில் இழுப்பறைச் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. மார்லிஸ் வெறும் காலுறையோடு படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்ன?" என்றாள்.

"வியாழக்கிழமை கெளம்பறோம்னு."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி."

"குழந்தை வேணும்னு சொன்னேன்."

"இத்தனை வருஷமா நான் ஒருத்தி மட்டும்தான் ஆசைப்படறேன்னு இருந்தேன், வெர்லின். நீ எனக்காகத்தான் கூட வர்றன்னு நெனச்சேன். ஒரு தடவையாவது வாய விட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"வேணும்னு சொன்னா, நீ பெத்துக் குடுக்கலயேன்னு சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு பயந்தேன்" என்றான்.

மார்லிஸ் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எங்கள் குடும்பத்தில் யாரும் யார் முன்னாலும் அழுவதில்லை, எங்கள் அப்பா செத்தபோதுகூட. வெர்லின் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷமும் தன்னந்தனியாக வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அவனும் அழுதான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெளியே போய் அவர்கள் காரின் மேலிருந்த பனியைச் சுரண்டினேன். சாயங்காலமே மறுபடியும் விழும் என்று தெரியும். இருந்தாலும் நாலு கண்ணாடியையும் சுரண்டி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.