பைப்படிக்கு ஒரு மறைப்பு

தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தவரை, தண்ணீர் கொட்டும் பொதுப் பீலியில்தான் குளியல். பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, போவோர் வருவோர் கண்ணுக்கு முன்னால். தோட்டத்து வேலை ஓய்ந்த பிறகு நோர்வூட் ரோட்டோரத்தில் தனி வீடு கிடைத்தபோது நான் கேட்டது ஒன்றுதான்: வாசல் பைப்படி ரோட்டுக்குத் தெரியாதபடி ஒரு வேலி. இத்தனை வருடம் ஊர் பார்த்தது போதும்.

என் வீட்டுக்காரர் வேலிக்கு சைப்ரஸ் மரக்கன்றுகள் கொண்டுவந்தார். மகனின் ஆட்டோ உள்ளே வரும் பாதையை ஒட்டி, மண் பொலபொலவென்று இருந்த இடமாகப் பார்த்து நெருக்கமாக நட்டார். பொலபொலவென்று இருக்காதா பின்னே? தண்ணீர்க் குழாய் புதைக்க வெட்டி மூடிய இடம் அது.

"பைப்பு மேலயே வைக்கிறீங்களே?" என்றேன்.

"தேயிலையும் மரந்தான் புள்ள. அதையே இடுப்பளவுல நிறுத்தி வச்சிருந்தோம். வளந்தா ஒரு கவ்வாத்து, அவ்வளவுதான்."

ஆயுள் முழுக்கத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மனுஷன். வெட்டினால் எதுவும் துளிர்க்கும் என்று நம்பினார்.

சில வருடம் நிம்மதியாகக் குளித்தேன். பிறகு வேலி ஆளுயரம் தாண்டிப் பாதையை நெருக்கியது. ஒருநாள் மகன் ரோடு தெரியாமல் ஆட்டோவைப் பின்னால் எடுத்து, பஸ்ஸிடமிருந்து மயிரிழையில் தப்பினான். அன்றே இவர் கத்தியைத் தீட்டி, வேலியை இடுப்பளவுக்கு வெட்டிச் சாய்த்தார். தேயிலை என்றால் துளிர்த்திருக்கும். இலையில்லாத சைப்ரஸ் கட்டை துளிர்ப்பதில்லை. பழுப்பாகக் காய்ந்து நின்றது. அதற்குள் பைப்பிலும் தண்ணீர் நூலாக வடிய ஆரம்பித்திருந்தது. தோண்டிப் பார்த்தால் குழாய் மூட்டுக்குள் வேர் புகுந்து அடைத்திருந்தது.

கட்டைகளை எல்லாம் பிடுங்கித்தான் குழாயை மாற்ற முடிந்தது. வெறும் வாசலைப் பார்த்து அழுதேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"மறுபடி வச்சிரலாம் புள்ள" என்றார்.

இந்தத் தடவை குழாய் போகும் வழியில் அடையாளத்துக்குக் கல் பதித்தோம். அதைவிட்டு நன்றாகத் தள்ளி, வீட்டுப் பக்கமாக நட்டோம். ஆட்டோ ரோட்டில் ஏறும் முனையைத் திறந்தே விட்டோம். எல்லாம் முறைப்படிதான். ஆனால் கன்று இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை. குனிந்தால் எழ முடியாத இடுப்போடு, முதல் பஸ் வருமுன் பனியில் நடுங்கிக் குளித்து முடிக்கிறேன்.

நேற்று கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "நாலஞ்சு வருஷத்துல நல்லா மறைச்சிரும்" என்றார்.

"அதுக்குள்ள என்னையக் குளிப்பாட்டவே ஆள் வேணுங்க" என்றேன்.