மஞ்சள் வைத்த ஏற்றுமதித் துணி

எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் துணி மடிக்கிற வேலையில் இருந்தேன். வெள்ளை ஓரம் வைத்த சிவப்புக் கட்டம் போட்ட துணி. எல்லாம் ஆப்பிரிக்காவுக்குத்தான் போகும். மற்ற கம்பெனிகள் ஆர்டர் இல்லாமல் தறியை நிறுத்தியபோதும் எங்கள் துணிக்கு மட்டும் கிராக்கி குறையவில்லை. நூலா, சாயமா, எது காரணம் என்று முதலாளிக்கே தெரியாது. விலையும் நம்ம துணிக்குத்தானே கூடுதல் என்று தலையைச் சொறிவார்.

ஒருநாள் ஆப்பிரிக்காவில் எங்கள் துணியை வாங்கும் வியாபாரியே சென்னை ஏஜென்டுடன் வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. தறிகள் நின்றதும் அந்த அமைதியே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவர் ஒரு துணியைக் கண்ணை மூடி மோந்து பார்த்தார். பிறகு மடிப்பைப் பிரித்து ஒரு மூலையைக் காட்டினார். வெள்ளை ஓரத்தில் விரல் நுனியளவு மஞ்சள் கறை. அடுத்த துணியிலும் அதே இடத்தில் கறை. முதலாளி முகம் வெளுத்துவிட்டது. கறை என்று சரக்கைத் தள்ளிவிட்டால் எங்கள் எல்லார் பிழைப்பும் போச்சு.

என்னோடு மடிக்கும் அக்காதான் மெல்லச் சொன்னாள். "நாந்தான் மஞ்ச வச்சேன் அண்ணாச்சி. புதுத்துணில்லா? உடுத்துதவுக நல்லா இருக்கட்டும்னுதான்."

ஏஜென்ட் அதை இங்கிலீஷில் சொன்னார். வியாபாரி அவளைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். அவர்கள் ஊரில் இந்தத் துணியைப் பிணத்தின் மேல் போர்த்துவார்களாம். துணி பிறந்த ஊர்க்காரர் தொட்டு வழியனுப்பிய அடையாளம்தான் இந்த மஞ்சள் என்று நம்புகிறார்களாம். அது இல்லாத துணியை வாங்கவே மாட்டார்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நம் பக்கம் பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணிக்கு யாராவது மஞ்சள் வைப்பார்களா?

அக்கா தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இம்புட்டு நாளும் செத்தவுகளுக்கா வச்சேன்? இனிமே எனக்குக் கை வராது" என்றாள். முதலாளி எவ்வளவோ கெஞ்சியும் அவள் கேட்கவில்லை. மஞ்சள் கிண்ணம் என் கைக்கு வந்தது.

சும்மா தொட்டு வைக்க மனசு கேட்கவில்லை. ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும்போல் இருந்தது. முதல் துணியைத் தொட்டதும், பழக்கதோஷத்தில் "போயிட்டு வாங்க" என்று வாயில் வந்துவிட்டது. யாரை வரச் சொல்கிறேன் என்று உறைத்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

இன்றைக்கும் வீட்டில் யாரையாவது "போயிட்டு வாங்க" என்று அனுப்பும்போது, அவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டுவது எவ்வளவு பெரிய வரம் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்கிறேன்.