எதைக் கொளுத்திப் பார்ப்பது

போன வாரம் கோமதி போன் செய்தாள். கோமதி என் சித்தப்பாவின் மகள். இதே ஆரணியில், சில தெரு தள்ளித்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் பெயர் என் போனில் வந்ததைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் பேசிக்கொள்கிற குடும்பங்களாகி எத்தனையோ காலம் ஆயிற்று.

"அக்கா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு லேப்டாப் வாங்கிகினு வந்திருக்கறேன். புடவை போட்டோல்லாம் ஏத்தி ஆன்லைன்ல விக்கலாம்னு. ஃப்ரீ ஆண்டிவைரஸ்னு நெட்ல தேடினா என்னென்னமோ வருது. எதை நம்பறதுன்னே தெரியல. உன்னைக் கேக்கச் சொல்லி அம்மாதான் சொன்னாங்க."

பதில் எனக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். "நானே நேர்ல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆண்டிவைரஸுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் என்றாலே சந்தன வாசனைதான் முதலில் வரும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜையன்று மானிட்டரின் நெற்றியில் ஒன்று, கீபோர்டில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று சந்தனப் பொட்டு வைப்போம். கீபோர்டில் வைத்த பொட்டு காய்ந்து உள்ளே உதிர்ந்து ஸ்பேஸ்பார் சிக்கிக்கொள்ளும். அடுத்த நாள் குண்டூசியை வைத்துக்கொண்டு அதை நோண்டுவது என் வேலை. மற்ற நாட்களில் கம்ப்யூட்டருக்குப் பட்டு உறை உண்டு. தறியில் பழுதாகி விற்க முடியாமல் போன அரக்கு நிறப் புடவையில் அம்மா தைத்தது. ஜரிகை பார்டரோடு எங்கள் கம்ப்யூட்டர் முன்னறையில் கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருக்கும். நான் நூல் புடவையில் அதன் எதிரே உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்துதான் தொழில் செய்தார்கள். தறி பொது, கணக்கு பொது, அடுப்பும் பொது. நான் டிசைன் வரைய ஒரு கோர்ஸ் படித்துவிட்டு வந்ததும், வெளியே கொடுத்து வரைவதை நிறுத்திவிட்டு எனக்கென்று அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார்கள். பார்டரில் ஒரு அன்னம் வேண்டுமென்றால் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைய வேண்டும். வரைந்ததைப் பென்டிரைவில் ஏற்றி, தறிக்கு மேலே மாட்டுகிற அட்டைகளில் துளை போடும் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். தொலைந்துவிடக் கூடாதென்று பென்டிரைவில் ஒரு பட்டு இழையைக் கட்டியிருப்பேன்.

டிசைன் முடிகிற சமயம் இருவரும் என் பின்னால் வந்து நிற்பார்கள். நாற்காலியின் முதுகை அந்தப் பக்கம் அப்பா பிடித்திருப்பார், இந்தப் பக்கம் சித்தப்பா. "அன்னத்துக்குக் கழுத்து கொஞ்சம் குண்டா இருக்குது பாப்பா" என்பார் சித்தப்பா. "கல்யாணப் புடவை அன்னம் அப்படித்தான் சாப்ட்டுகினு இருக்கும், வுடு" என்பார் அப்பா. அவர்கள் பேசப் பேச நாற்காலி ஆடும், மவுஸ் பிடித்த கையும் ஆடும். அன்னத்துக்கு வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி தள்ளி விழும். எரிச்சலாக வரும் எனக்கு. "ரெண்டு பேரும் போங்களேன்" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. புது டிசைன் புடவை கடைக்குப் போய்ச் சேரும்வரை அதை யார் கண்ணிலும் காட்ட மாட்டோம். விருந்தாளி வந்தால் முதல் வேலையாகத் தறிமேல் ஒரு துணியைப் போர்த்துவோம். பெண் கொடுத்த சம்பந்தி வந்தாலும் அப்படித்தான். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, அவர்கள் வீட்டிலும் துணி தயாராக இருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. ஃபோல்டரை மறைத்து வைக்க முடியும் என்று தெரிந்ததும் சித்தப்பா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டார். பிறகு அப்பாவுக்கும் சொல்லிக் கொடுத்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், யாராவது ஒருவர் எழுந்து வந்து டிசைன் ஃபோல்டரை மறைத்துவிடுவார்.

வினை இந்த இடத்தில்தான் வந்தது. அட்டைக் கடைக் கம்ப்யூட்டரில் ஊரிலிருக்கிற எல்லாப் பென்டிரைவும் போய்ச் செருகப்படும். ஒன்றுக்கு வந்த சளி எல்லாவற்றுக்கும் ஒட்டும். அப்போது சுற்றிக்கொண்டிருந்த வைரஸ் எதையும் அழிக்காது, ஃபோல்டர்களை மறைத்துவிடும், அவ்வளவுதான். வேறொரு வீடாக இருந்தால் ஃபோல்டரைக் காணோம் என்றதுமே கூச்சல் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஃபோல்டரைக் காணோம் என்றால் யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்பா, தம்பி மறைத்திருக்கிறான் என்று நினைத்தார். சித்தப்பா, அண்ணன் மறைத்திருக்கிறார் என்று நினைத்தார். கேட்டால் அசிங்கம் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

நான் சொல்லாமல் இல்லை. "இது வைரஸ்ப்பா" என்றேன். மறைந்ததைக் காட்டு என்று கம்ப்யூட்டரில் டிக் போட்டால் அந்த டிக் தானாகவே அழிந்து ஃபோல்டர் மறைந்தே கிடக்கும் என்பதைக் காட்டவும் செய்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வைரஸுக்கு நம்ம டிசைன் எதுக்கும்மா? அது இன்னா தறியா வெச்சிருக்குது?"

நியாயமான கேள்வி.

காசு கொடுத்து ஆண்டிவைரஸ் வாங்கலாம் என்றால் சீசனுக்குப் பட்டு எடுத்ததில் கை வறண்டிருந்த நேரம் அது. இலவசமாகத் தேடினேன். தேடியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்தைத் திறந்ததுமே சிவப்புக் கட்டம் துடித்துக்கொண்டு, உன் கம்ப்யூட்டர் முழுக்க வைரஸ் என்று அலறும். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அதற்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. இறக்கினால், சுத்தம் செய்யப் பணம் கட்டு என்று கேட்கும். இன்னொன்று கேட்காமலே ஏதேதோ விளம்பரங்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தது. காவலுக்கு ஆள் தேடப் போய்த் திருடனை வீட்டுக்குள் விட்ட கதை.

சித்தப்பா ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றார். பட்டு வாங்குவதில் அவரை ஏமாற்ற முடியாது. ஒரு இழையை உருவிக் கொளுத்துவார். முடி கருகுகிற நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி உருண்டையானால் நூலைத் திருப்பி அனுப்பிவிடுவார். திரையில் துடிக்கிற சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "இதுல எதைப் பாப்பா கொளுத்திப் பாக்கறது?"

அவர் ஆண்டிவைரஸைப் பற்றித்தான் கேட்டார். ஆனால் கேட்கும்போது அவர் கண் திரையில் இல்லை. முற்றத்தில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்தது.

அதற்குள் பஜாரில் ஒரு கடையில் எங்கள் அன்னம் மாதிரியே ஒரு அன்னம் தொங்குவதாக யாரோ வந்து சொன்னார்கள். அன்னம் எல்லார் பார்டரிலும்தான் இருக்கிறது. எங்களுடையது குண்டுக் கழுத்து, அது ஒல்லிக் கழுத்து. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். காதில் வாங்க ஆளில்லை. அப்பா தனக்குத் தெரிந்த ஒருவரைச் சந்தவாசலிலிருந்து வரவழைத்து ஒரு ஆண்டிவைரஸ் போட வைத்தார். தன்னை உள்ளே விடாமல் பூட்டத்தான் அது என்று சித்தப்பாவுக்குச் சந்தேகம். நான் வெளியே போயிருந்த சமயம், தேவிகாபுரத்திலிருந்து சித்தியின் தம்பியை அழைத்து வந்து இன்னொன்றைப் போட்டுவிட்டார். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆண்டிவைரஸ் இருக்கக் கூடாது. ஒன்றை இன்னொன்று வைரஸ் என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. பட்டு உறையைப் போட்டு மூடிவிட்டு அம்மா அழுதாள்.

அன்று சாயங்காலம் அப்பா முற்றத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வெளியாள் எடுத்தா கேக்கலாம். வீட்டுக்குள்ளேர்ந்தே போனா யாரைக் கேக்கறது?"

சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். எச்சில் கையோடு நின்றார். "அண்ணா, என்னைத் திருடன்னு நெனச்சிட்டியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அப்பா சொல்ல வேண்டியிருந்தது. அவர் வாயைத் திறந்ததையும் பார்த்தேன். தம்பி முன்னால் இறங்கிப் போவதா என்று நினைத்தாரோ என்னவோ, மூடிக்கொண்டார். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு அப்பா மேல் கோபம் வரும். அவர் போன பிறகும் அந்தக் கோபம் போகவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். கண்ட இடத்தில் இறக்கக் கூடாது, அதைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். பயமுறுத்துகிறதை நம்பக் கூடாது. ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து, உறைந்து நின்ற கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி கிளப்பி, உள்ளே இருந்த இரண்டையும் நீக்கிவிட்டு, இலவசமாகவே ஒன்றைப் போட்டு, முழுதாகத் தேடவிட்டேன். வைரஸ் பிடிபட்டது. போட்ட டிக் இந்த முறை அழியவில்லை. ஃபோல்டர் மங்கலாக, ஆனால் இருந்த இடத்திலேயே தெரிந்தது. ஒரு அன்னம்கூடக் குறையவில்லை.

கத்திக் கூப்பிட்டேன். இருவரும் வந்தார்கள். தூரத் தூர நின்று பார்த்தார்கள். யாரும் நாற்காலியைத் தொடவில்லை.

தை மாதம் சித்தப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். தறிகளைப் பிரித்தார்கள். டிசைன்கள் எங்களிடம் தங்கிவிட்டன. அவருக்கும் பங்குண்டு என்று நானே எல்லாவற்றையும் பட்டு இழை கட்டிய அந்தப் பென்டிரைவில் ஏற்றி, பழக்க தோஷத்தில் ஃபோல்டரை மறைத்தும் வைத்து, கொண்டுபோய் நீட்டினேன்.

"உங்கப்பா குடுக்கச் சொன்னாரா?"

"இல்ல சித்தப்பா. நானாத்தான்."

"அவரையே வந்து குடுக்கச் சொல்லு பாப்பா. ஒண்ணும் பேச வேணாம். சும்மா வந்து குடுத்தா போதும்."

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். பென்டிரைவை வாங்கிச் சாமி அலமாரியில் வைத்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மறக்காமல் அதற்குப் பொட்டு வைத்தார். எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதில்லை. அப்பாவின் காரியத்துக்கு வந்த சித்தப்பா அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றதைப் பார்த்தேன். எடுத்துக் கொடுக்கலாமா என்று தவித்தேன். கொடுக்க வேண்டியவர்தான் இல்லையே. கொஞ்ச வருடங்களில் சித்தப்பாவும் போய்விட்டார்.

நேற்று அந்தப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கோமதி வீட்டுக்குப் போனேன். ஆண்டிவைரஸ் என்று தனியாக எதுவும் தேட வேண்டியதில்லை, கம்ப்யூட்டரோடு வருகிற பாதுகாப்பே போதும், அதை அணைக்காமல் அவ்வப்போது அப்டேட் செய்தால் சரி என்று சொல்லி, அது ஓடுவதைக் காட்டினேன். அந்தக் காலத்துச் சிவப்புக் கட்டங்கள் இல்லை. பென்டிரைவைத் துடைத்துச் செருகினேன். ஆபத்து ஏதுமில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. கோமதி திறந்து பார்த்தாள்.

"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லியே."

நான் ஒரு டிக் போட்டேன். மங்கலாக வந்தது ஃபோல்டர். திறந்ததும் வரிசையாக அன்னங்கள், குண்டுக் கழுத்தோடு.

"நல்லாத்தான இருக்குது! யாருக்குத் தெரியக் கூடாதுன்னு இதை மறைச்சி வெச்சீங்க?"

இப்போது டிசைன்கள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகின்றன. விருந்தாளி வந்தால் தறியைப் போர்த்துகிறவர்களும் இல்லை. மவுஸை வாங்கி ஒரு அன்னத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வால் பக்கத்தில் ஒரு புள்ளி தள்ளி விழுந்திருந்தது. அதைச் சரிசெய்யலாம் என்று கையை வைத்தேன். நாற்காலி ஆடவேயில்லை. மவுஸை அப்படியே விட்டுவிட்டேன்.